அப்பா லைட்டை அணைக்காத நாட்கள்

ஜூன் 10, 2024, திங்கள்

இன்று பள்ளி திறந்தது. ஒன்பதாம் வகுப்பு. இன்று முதல் இந்த டைரியில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், எனக்கு அவமானமாக இருப்பதையும் விட மாட்டேன். போன வருடக் கட்டுரைப் போட்டியில் நான் ஏறவே ஏறாத ராட்டினத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதி இரண்டாம் பரிசு வாங்கினேன். அந்தச் சான்றிதழைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது. "டைரில பொய் எழுதினா யாரும் மார்க் போட மாட்டாங்க, அதனால உண்மையவே எழுதுங்க" என்று ராமுத்தாய் டீச்சர் சொன்னார். நல்ல காரணமாகத்தான் தெரிகிறது.

டைரி அப்பாவுக்குச் சாயப்பவுடர் ஏஜென்ட் கொடுத்தது. அப்பா பெயர் அருள்செல்வன். மங்கலம் ரோட்டில் ஒரு டையிங் கம்பெனியில் லேப் இன்சார்ஜ். பனியன் துணி என்ன கலரில் வரவேண்டுமோ அதை முதலில் சின்ன அளவில் சாயம் போட்டுக் காட்டுவது அவர் வேலை. இரண்டு வெள்ளைத் துணிகளை நீட்டினால் "இதுல நீலம் தூக்கலா இருக்குது" என்பார். எனக்கு இரண்டும் வெள்ளையாகத்தான் தெரியும்.

அப்பாவுக்குக் கோபமே வராது, லைட் விஷயத்தைத் தவிர. எங்கள் பாத்ரூம் சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கிறது. யாராவது அணைக்காமல் வந்தால் கதவைத் தட்டிவிட்டு, "உள்ளார யாரு கண்ணு குடியிருக்காங்க?" என்று கேட்பார். பதில் சொல்லும்வரை விட மாட்டார்.

இன்று காலை அப்பாவே அணைக்காமல் வந்துவிட்டார். நான் அணைத்தேன். அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

ஜூன் 11

இன்று இரண்டு தடவை அணைக்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

அப்பா பாத்ரூமிலிருந்து வந்து நேராக ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை. முகம் பிளீச் போட்ட துணி மாதிரி வெள்ளையாக இருந்தது. அம்மா ஓவர்லாக் மெஷினில் பனியன் தைத்துக்கொண்டிருந்தாள், சத்தத்தில் கவனிக்கவில்லை. பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸில் முதலுதவி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். நிமிடத்துக்கு 132. ஒன்பது நிமிடம் கழித்து 84.

"ஒண்ணுமில்ல சாமி. தலை விண்ணுனு ஒரு இடி இடிச்சுது. நெஞ்சு தடதடனு வந்துச்சு. போயிருச்சு."

"எப்ப இருந்துங்கப்பா?"

"ஒண்ணுக்குப் போனா வருது. இதையெல்லாம் அம்மாகிட்டச் சொல்லாத."

அம்மாகிட்டச் சொல்லக்கூடாது என்றார். டைரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 20

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தெருமுனை கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் என்ன செய்யுது என்று கேட்டார். அப்பா, "தலைவலிங்க" என்றார். அவ்வளவுதான். எப்போது வருகிறது என்பதை விட்டுவிட்டார். நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அப்பா என் காலை மிதித்தார்.

பிரஷர் 130/80. "ஷிப்மென்ட் டென்ஷன். திருப்பூர்ல பாதிப்பேருக்கு இதுதான்" என்று டாக்டர் சொல்லி, தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார்.

வெளியே வந்ததும் அப்பா சொன்னது: "நாலு பேரு ஒக்கார்ந்திருக்கற இடத்துல அதைப் போயி எப்படிக் கண்ணு சொல்றது?" டாக்டர் அறையில் எங்களைத் தவிர ஒரு மீன்தொட்டிதான் இருந்தது.

அப்பாவின் அக்கா சித்ராதேவி அத்தை போனிலேயே முடிவு சொல்லிவிட்டார்: பிரஷர் என்று சந்தேகம் வந்தாலே உப்பை நிறுத்த வேண்டும். இன்று இரவு உப்பில்லாத புளிக்குழம்பு. அதை விவரிக்க எனக்கு இன்னும் தமிழ் போதவில்லை.

ஜூன் 27

அத்தை பொங்கியண்ணன் என்பவரைக் கூட்டிவந்தார். வாஸ்து பார்ப்பவர். செல்போனில் திசைகாட்டியைப் போட்டு வீடு முழுக்க நடந்தார். பாத்ரூம் வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

"வடகிழக்கு, ஈசானி மூலைங்க. சாமி இருக்கவேண்டிய இடம். இங்க போயி இதை வெச்சிருக்கறீங்க."

"நாலு வருசமா இங்கதானுங்க போறேன்" என்றார் அப்பா.

"நாலு வருசம் பொறுத்துப் பாத்திருக்குதுங்க."

அத்தை அப்பாவைப் பார்த்த பார்வையில், அப்பா நாலு வருடமாக வேண்டுமென்றே செய்தது மாதிரி இருந்தது. பாத்ரூமை இடித்து வடமேற்கில், வாயு மூலையில் கட்டுவதாக முடிவானது. அங்கே இப்போது அம்மாவின் ஓவர்லாக் மெஷின் இருக்கிறது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். உப்பில்லாமல் சாப்பிட்டால் எதிர்த்துப் பேசத் தெம்பு வராது என்று நினைக்கிறேன்.

ஜூலை 8

இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டோம். இது அங்குலம் அங்குலமாக வாஸ்து பார்த்துக் கட்டிய வீடு. குப்பைக்கூடைக்குக்கூட மூலை உண்டு.

ஜூலை 10

அத்தை வீட்டு பாத்ரூமிலும் அப்பாவுக்கு வந்துவிட்டது. வெளியே வந்து வாஷிங் மெஷின் மேல் தலையை வைத்துக்கொண்டார். நாடி 128.

நான் நேர்மையாகக் கேட்டேன்: "அத்தை, இது வாயு மூலைதானுங்களே?"

"ஏண்டி அனு, என்ற ஊட்டு பாத்ரூமையா குத்தம் சொல்றே?"

"குத்தமில்லீங்க அத்தை. எழுதி வெக்கறதுக்குக் கேட்டேனுங்க."

ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் அப்பளம் வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

இந்த வாரம் நான் வீட்டில் இருந்தபோது பார்த்ததை வைத்து ஒரு அட்டவணை போட்டேன். குளிக்கப் போனது: ஆறு, ஒன்றும் ஆகவில்லை. பல் துலக்க: ஏழு, ஒன்றும் ஆகவில்லை. சிறுநீர் கழிக்க: பதினொன்று, அதில் ஒன்பது தடவை வந்தது. 'சிறுநீர் கழித்தல்' அறிவியல் புத்தகத்தில் இருக்கும் சொல். அதனால் கூச்சம் தேவையில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஏன் கண்ணு, அப்பன் ஒண்ணுக்குப் போறதையெல்லாமா எழுதுவாங்க?"

"நடந்ததை எழுதறேனுங்கப்பா."

"நடந்ததுல நல்லதா நாலு எழுதேன். போன வாரம் ஒரு கருநீலம் ஒரே தடவைல பாஸாச்சு. அதை எழுது."

எழுதிவிட்டேன். கருநீலம் பாஸானது.

ஜூலை 21, ஞாயிறு

புது பாத்ரூம் திறப்பு. அத்தை வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தார். அப்பாவை வலது காலை வைத்து உள்ளே போகச் சொன்னார். அம்மா, அத்தை, நான் மூன்று பேரும் கதவுக்கு வெளியே நின்றோம். "இத்தனை பேரு நின்னா வருமாங்க்கா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மூன்று நிமிடத்தில் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாடி 136. இதுவரை இதுதான் அதிகம்.

அத்தை பொங்கியண்ணனுக்குப் போன் செய்தார். அவர், "எடம் மாறியிருக்குதுல்லீங்க, பழகறதுக்கு ஒரு மண்டலம் ஆகுமுங்க" என்றாராம்.

ஜூலை 24

சோமனூரில் ஒரு தறிக்காரர் வீட்டில் ஆடி விருந்து. நானும் அப்பாவும் வண்டியில் போனோம். வழியில் அப்பா ஒரு வேலமரத்துக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார்.

மரத்துக்கு வாஸ்து கிடையாது. அட்டவணையில் 'மரம்' என்று ஒரு வரிசை சேர்த்தேன்.

ஆகஸ்ட் 1

அப்பா தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, அவ்வளவுதான் போகிறார். அடக்கி வைத்துப் போகும்போது இன்னும் மோசமாக வருகிறது. பயத்தில் அடக்குகிறார், அடக்குவதால் பயப்படும்படி ஆகிறது. இதை அவரிடம் விளக்கினேன். "நெம்பப் படிக்காத கண்ணு" என்றார்.

ஆகஸ்ட் 6

டைரியை மடியில் வைத்து எழுதுகிறேன். கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

அப்பா கம்பெனி பாத்ரூமில் மயங்கி விழுந்துவிட்டார். அவர் நண்பர் சுப்பையன் மாமா, அங்கே கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட்டில் இருப்பவர், தற்செயலாக அந்தப் பக்கம் வந்திருக்கிறார். உள்ளே லைட் எரிவதைப் பார்த்து, "அருளு லைட்டை விட்டுட்டுப் போற ஆளில்லையே" என்று கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. தாழ்ப்பாளை உடைத்துத் தூக்கி வந்திருக்கிறார். புருவத்தில் மூன்று தையல்.

அவர் அந்தப் பக்கம் வராம இருந்திருந்தா? வேற யாராச்சும் வந்து, லைட்டு சும்மா எரியுதுன்னு அணைச்சுட்டுப் போயிருந்தா? நான் ஏன் கிளினிக்ல அன்னிக்கே சொல்லல? கால மிதிச்சா என்ன, வாய் இருந்துச்சுல்ல? உண்மைய எழுதறேன் எழுதறேன்னு எழுதிட்டு, சொல்ல வேண்டிய எடத்துல கம்முனு ஒக்கார்ந்திருந்தேன்.

அம்மா சாமி படத்துக்கு முன்னால் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நானும் போகிறேன்.

ஆகஸ்ட் 7

காலையில் அத்தை வந்தார். என்னிடம் ஒரு பையை நீட்டினார். அவருடைய பிரஷர் மெஷின். பேட்டரி புதிதாகப் போட்டிருந்தார். "நீ என்னமோ எழுதறயில்ல, இதையும் எழுது" என்றார். வாஸ்து என்ற பேச்சே வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் என் தட்டில் மூன்று அப்பளம்.

அப்பா பாத்ரூம் போவதற்கு முன்: 126/80. போய்வந்த பின்: 218/124.

அந்த எண்ணைப் பார்த்ததும் அத்தை மெஷினைத் தட்டிப் பார்த்தார். தன் கையில் கட்டிப் பார்த்தார். 134/84. மறுபடி அப்பாவுக்குக் கட்டினார். 209. அதற்கப்புறம் அத்தை அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்பாவுக்கு நாற்பத்துநாலு வயது.

ஆகஸ்ட் 8

கிளினிக். இந்தத் தடவை அப்பா எதிரில், நான் டாக்டர் பக்கம், மிதிக்க முடியாத தூரத்தில் உட்கார்ந்தேன். டைரியைத் திறந்து நீட்டி, "டாக்டர், அப்பாவுக்குச் சிறுநீர் கழிக்கறப்ப மட்டும்தான் வருதுங்க" என்றேன். அப்பா மீன்தொட்டியைப் பார்த்தார்.

டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு அட்டவணையைப் படித்தார். சிரிப்பு நின்றது. பிரஷர் பார்த்தார்: 128. "பின்னாடி பாத்ரூம் இருக்குது, போயிட்டு நேரா வாங்க" என்றார். அப்பா போய்விட்டு வந்தார். டாக்டர் மறுபடி பார்த்தார். 214. காற்றை இறக்கிவிட்டு இன்னொரு தடவை ஏற்றினார். பிறகு அப்பா சொன்ன 'தலைவலி' என்ற தன் பழைய குறிப்பை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கோயமுத்தூருக்கு ஒரு கடிதம் எழுதினார்.

"பாப்பா, இந்த நோட்டை மறக்காம எடுத்துட்டுப் போ."

ஆகஸ்ட் 24, சனி

கோயமுத்தூர். சிறுநீரகச் சிறப்பு டாக்டர் பெயர் சதீஷ்குமார். ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்ப்பைச் சுவரில் ஒரு கட்டி, இரண்டரை சென்டிமீட்டர்.

அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். இன்னும் வலிக்கிறது.

டாக்டர் என் டைரியை வரி விடாமல் படித்தார். "வேலமரம் வரைக்கும் எழுதியிருக்கே" என்றார். பிறகு சொன்னார். சிறுநீர்ப்பையில் வரும் கட்டிகளில் இது மிகவும் அரிது. நூறு பேருக்குக் கட்டி வந்தால் ஒருவருக்குக்கூட இந்த வகையாக இருக்காது. நாம் பயப்படும்போது உடம்பு நெஞ்சைத் தடதடக்க வைக்க ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. இந்தக் கட்டி அதே மாதிரி ரசாயனத்தைத் தானே செய்கிறது. பை சுருங்கும்போது கட்டியும் பிழியப்பட்டு அது ரத்தத்தில் கொட்டுகிறது. பாராகாங்லியோமா என்று பெயர். இப்போதைக்குச் சந்தேகம்தான், உறுதிப்படுத்த வேண்டும்.

அப்பா யோசித்தார். "அப்படீன்னா உள்ளார ஒரு டோசிங் டேங்க் இருக்குதுங்க. நான் மெஷின்ல தண்ணியத் தொறக்கறப்பெல்லாம் அது சாயத்த ஊத்திருது."

"அதேதாங்க."

"வால்வு லீக்கு."

"டேங்க்கையே கழட்டிரலாம். ஆனா அவசரப்படக்கூடாது. இது இன்னதுன்னு தெரியாம குழாயை உள்ளே விட்டுச் சுரண்டியிருந்தா, பிரஷர் எங்கே போய் நின்னிருக்கும்னு சொல்ல முடியாது. உங்க பொண்ணு எழுதினதாலதான் எனக்கு முதல்லயே இந்த நினைப்பு வந்தது."

பஸ்ஸில் அப்பா எனக்கு ஜன்னல் சீட் கொடுத்தார். அவிநாசி தாண்டியதும், "அந்த மரத்த எழுதாம இருந்திருக்கலாம்" என்றார்.

செப்டம்பர் 4

நாளை காலை ஆறு மணி முதல் மறுநாள் ஆறு மணி வரை அப்பாவின் சிறுநீர் முழுவதையும் ஒரு கேனில் சேர்க்க வேண்டும். ஒரு சொட்டும் விடக்கூடாது. கேனில் முன்பே கொஞ்சம் ஆசிட் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள், கெடாமல் இருக்க. குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். காபி கூடாது.

லீவு போடச் சொன்னோம். நாளை துணி வாங்கும் பையர் கலர் ஷேடு பார்க்க வருகிறாராம், அப்பா மாட்டேன் என்றுவிட்டார். கேனைப் பையில் போட்டுக் கொண்டுபோய் லேப் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்வார். லேபிள் நான் எழுதினேன். 'சிறுநீர்' என்று தொடங்கினேன். "கண்ணு, அந்த வார்த்த வேண்டாம். கம்பெனில எல்லாரும் பாப்பாங்க" என்றார். பாவமாக இருந்தது. வேறு தாளில் எழுதினேன்: அருள்செல்வன், லேப். 24 மணி நேர சாம்பிள்.

செப்டம்பர் 5, வியாழன்

இன்று நடந்ததை அப்பா சொல்ல, சுப்பையன் மாமா திருத்த, இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

சாயக்கழிவு பிளான்ட்டிலும் 24 மணி நேர சாம்பிள் என்று ஒன்று உண்டு. மணிக்கொரு தடவை தண்ணீர் எடுத்து ஒரே கேனில் சேர்த்து லேப் ஃபிரிட்ஜில் வைப்பார்கள். தினம் மாலை மூன்று மணிக்குச் சுப்பையன் மாமா அதை எடுத்துப்போய்ச் சோதிப்பார். இன்று ஃபிரிட்ஜைத் திறந்தார். லேபிளைப் படித்தார். எடுத்துப்போய்விட்டார்.

சாயத்தண்ணீரில் எப்போதும் காரத்தன்மைதான் இருக்கும், ஆசிட் இருக்காது. இன்றைய சாம்பிள் சுத்தமான ஆசிட். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் அது காட்டக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது. ரிஜிஸ்டரில் மாமா எழுதியது: "நிறம்: இளமஞ்சள். வாசனை: வழக்கத்துக்கு மாறானது." எழுதிவிட்டு எல்லாப் பம்புகளையும் நிறுத்திவிட்டார். ஏழு டையிங் மெஷின்கள் நின்றன. மானேஜர் ஓடிவந்தார். எந்த லைனில் ஆசிட் கலந்தது என்று இரண்டு பேர் தொட்டிக்குள் இறங்கிப் பார்த்தார்கள். பையர் கண்ணாடி அறையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பது நிமிடம் கழித்து அப்பாவுக்குப் போக வேண்டியிருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தார். கேன் இல்லை. பிளான்ட்டுக்கு நடந்தார். மேசை மேல் கேன் இருந்தது. சுற்றி ஒன்பது பேர் நின்றார்கள்.

"அந்த சாம்பிள் என்னுதுங்க" என்றார் அப்பா.

"உங்க லேப்லிருந்து வந்துச்சுன்னு தெரியுதுங்க. எந்த மெஷின்?" என்றார் மானேஜர்.

"மெஷின் இல்லீங்க. நான்தானுங்க."

சுப்பையன் மாமா கேனைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "முழுக்கவா?" என்று கேட்டாராம்.

அப்புறம் அப்பாவுக்கு வேறு வழியில்லை. கட்டி, பிரஷர், மயக்கம் எல்லாவற்றையும் ஒன்பது பேருக்கு நடுவில் நின்று சொல்லியிருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை. மானேஜர் நாற்காலி எடுத்துப் போட்டார். அவருடைய மாமனாருக்கும் ஏதோ இருக்கிறதாம், அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பீகாரிலிருந்து வந்த ஆபரேட்டர் ஒருவர் அப்பாவுக்கு இளநீர் வாங்கிவந்தார்.

மாமா கையை எட்டு தடவை சோப்பு போட்டாராம். எங்கள் வீட்டுக்கு வந்தும் ஒரு தடவை கழுவினார். "முப்பது வருச சர்வீஸ்ல இப்படியொரு டி.டி.எஸ். நான் பாத்ததில்ல அருளு" என்றார். அப்பா சிரித்தார். ஜூன் மாதத்திலிருந்து நான் கேட்காத சிரிப்பு.

தப்பு என்னுடையது. ஒரே ஒரு சொல்லை விட்டேன், ஏழு மெஷின் நின்றது.

செப்டம்பர் 8, ஞாயிறு

இரண்டாவது கேன். வீட்டிலேயே. லேபிளில் கொட்டை எழுத்தில்: அருள்செல்வன் அவர்களின் சிறுநீர். சிறுநீர் மட்டுமே.

அப்பா படித்தார். "'அவர்கள்' எல்லாம் எதுக்குக் கண்ணு" என்றார். கேனை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனார்.

செப்டம்பர் 23

ரிசல்ட் வந்துவிட்டது. அந்த ரசாயனம் இருக்க வேண்டியதைப் போல ஆறு மடங்கு. இனி சந்தேகம் இல்லை. இது தெரிந்து சந்தோஷப்பட வேண்டுமா அழ வேண்டுமா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

இந்த வகைக் கட்டி சில குடும்பங்களில் வழிவழியாக வருமாம். அப்பாவின் ரத்தத்தை அதற்காகத் தனியாக அனுப்பியிருக்கிறார்கள். நான் யாருக்கும் தெரியாமல் பாத்ரூம் போய்வந்து என் பிரஷரைப் பார்த்தேன். 104/66. மறுபடி போக முயன்றேன், வரவில்லை.

அக்டோபர் 3

ஆபரேஷன் 24-ஆம் தேதி. அதுவரை மூன்று வாரம் மாத்திரை. கட்டியைத் தொடும்போது பிரஷர் எகிறாமல் இருக்க ரத்தக்குழாய்களைத் தளர்த்தி வைக்கும் மாத்திரையாம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு டாக்டர் சொன்ன ஒரு வாக்கியம்: "சாப்பாட்டுல உப்பு நல்லா சேர்த்துக்கோங்க."

அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"சேக்கோணுங்களா?"

"ஆமாங்க. இவருக்கு இப்ப உப்பும் தண்ணியும் எச்சாத்தான் வேணும்."

"நாங்க மூணரை மாசமா உப்பில்லாமச் சாப்புடறமுங்க."

"யார் சொன்னது?"

அத்தை தன் கைப்பையில் எதையோ தேடினார். நெடுநேரம் தேடினார்.

வரும் வழியில் அப்பா சொன்னார்: "துணியில சாயம் ஏறவும் உப்பு, ஆபரேசனுக்கும் உப்பு. நம்ம தொழிலு எங்க போனாலும் வருது."

இரவு புளிக்குழம்பு. உப்போடு. நான் நான்கு தடவை சோறு வாங்கினேன். அத்தை ஒரு ஜாடி உப்பு நாரத்தங்காய் கொடுத்தனுப்பியிருந்தார். மன்னிப்பு என்று சீட்டு எதுவும் இல்லை.

அக்டோபர் 17

இரண்டு வாரமாக அப்பாவுக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. அதிகபட்சம் 150. ஆனால் எழுந்தால் தலை சுற்றுகிறது, அதனால் மெல்ல மெல்ல எழுகிறார். இன்னும் லைட்டை அணைப்பதில்லை. சுவரைப் பிடித்தபடி நேராகக் கட்டிலுக்குத்தான் போகிறார்.

அக்டோபர் 23

ஆஸ்பத்திரி. சிறுநீர்ப்பையில் கட்டி இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தைத்துவிடுவார்களாம். பை கொஞ்சம் சின்னதாகிவிடும்.

அப்பா டைரியைக் கேட்டார். கொடுத்தேன். முதலிலிருந்து படித்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் 6-ஆம் தேதி பக்கத்தில் நெடுநேரம் இருந்தார். பிறகு பக்கங்களைத் திரும்பப் புரட்டி, ஜூன் 16-ஆம் தேதிக்கு வந்து பேனா கேட்டார். 'பிளீச் போட்ட துணி மாதிரி வெள்ளை' என்று நான் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் எழுதினார்: "தப்பு. பிளீச் வெள்ளையில் நீலம் இருக்கும். மனுசன் முகத்தில் சாம்பல்தான் இருக்கும்."

"கண்ணாடில பாத்தேன்" என்றார். "எனக்கும் பயந்தான் கண்ணு."

அக்டோபர் 24

காலை எட்டரைக்கு உள்ளே போனார். பன்னிரண்டு ஐம்பதுக்கு டாக்டர் வெளியே வந்தார். கட்டியைத் தொட்டபோது பிரஷர் 190 வரை போனதாம். வெட்டி எடுத்ததும் சட்டென்று இறங்கியதாம். மயக்க டாக்டர் இரண்டுக்கும் தயாராக இருந்தாராம். நல்லபடியாக முடிந்தது என்றார்.

அத்தை டாக்டர் காலில் விழப்போனார். டாக்டர் பின்வாங்கி ஒரு நர்ஸ் மேல் மோதிக்கொண்டார்.

அக்டோபர் 26

அப்பாவுக்குக் குழாய் வைத்துப் பக்கத்தில் பை தொங்குகிறது. முதல் நாள் சிவப்பு, நேற்று இளஞ்சிவப்பு. அப்பா பையை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லிப் பார்த்தார். "நேத்தைக்கு இன்னைக்கு ரெண்டு டோன் லைட்டு. டியூப் லைட்டுல பாத்தா ஏமாத்தும் சிஸ்டர், பகல் வெளிச்சத்துல பாக்கோணும்."

நர்ஸ் தன் குறிப்பில் 'நிறம் தெளிந்து வருகிறது' என்று எழுதியதைக் காட்டினார். அப்பா, "பாஸ்" என்றார்.

அக்டோபர் 31, தீபாவளி

வீடு வந்துவிட்டோம். வெளியூர் ஆட்களெல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள், தெருவே காலி. அப்பா சிறுநீர்ப்பையை, அதாவது வெளியே தொங்கும் பையை, ஒரு மஞ்சள் பைக்குள் போட்டுக் கையில் பிடித்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தார். பலகாரம் கொண்டுவந்த சுப்பையன் மாமா, "பையில என்ன அருளு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தார்.

நவம்பர் 5, செவ்வாய்

குழாயை எடுத்துவிட்டார்கள். அப்பா தானாகப் போக வேண்டிய முதல் தடவை. ஆஸ்பத்திரி பாத்ரூமுக்கு வெளியே அம்மா, நான், பிரஷர் மெஷினோடு அத்தை. அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

வந்தார். உட்கார்ந்தார். அத்தை பட்டையைக் கட்டினார். 122/78. நாடி 80.

மறுபடி பார்த்தோம். 120/78.

அப்பா, "எரியுது. ஆனா வேற ஒண்ணும் இல்ல" என்றார். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அத்தை ஓரமாகப் போய்ச் செல்போனில் திசைகாட்டியை எடுத்து அந்த பாத்ரூமுக்கு நேராகப் பிடித்ததை நான் பார்த்தேன். எட்டிப் பார்த்தேன். ஈசானி மூலை. அத்தை போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எழுதுகிறேன்.

நவம்பர் 14

பயாப்ஸி வந்தது. டாக்டர் சொன்ன கட்டியேதான். முழுதாக எடுத்துவிட்டார்கள், ஓரங்களில் ஒன்றும் இல்லை. இந்த வகை பல வருடம் கழித்தும் திரும்பலாமாம், அதனால் வருடம் தவறாமல் பார்க்க வேண்டும். வழிவழியாக வரும் வகை இல்லை என்று ரத்த ரிசல்ட் சொல்கிறது. நான் என் பிரஷரைப் பார்ப்பதை நிறுத்தலாம். இன்று மட்டும் கடைசியாக: 106/68.

நவம்பர் 21, வியாழன்

அப்பா திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போய்வருகிறார். பை சின்னதானதால் அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. கம்பெனியில் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. லேப் ஃபிரிட்ஜில் மட்டும் ஒரு புது போர்டு மாட்டியிருக்கிறதாம்: 'சொந்த சாம்பிள் வைக்கக்கூடாது.' எழுதியது சுப்பையன் மாமா.

இரவு ஒன்பது மணி. ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா படுத்துவிட்டாள். இப்போதுதான் அப்பா பாத்ரூம் போனார். பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். 9.04. தண்ணீர் ஊற்றும் சத்தம். 9.06-க்குக் கதவு திறந்தது. சுவரைப் பிடிக்கவில்லை. ஃபிரிட்ஜைப் பிடிக்கவில்லை. இரண்டு அடி நடந்தவர் நின்றார். திரும்பிப்போய் சுவிட்சைத் தட்டினார்.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என் அறைப் பக்கம் போனார். அங்கே லைட் எரிந்துகொண்டிருந்தது. நான்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கதவைத் தட்டும் சத்தம். "உள்ளார யாரு கண்ணு குடியிருக்காங்க?"

"யாருமில்லீங்கப்பா."

அதை அணைத்தார். ஹாலுக்கு வந்து, நான் எழுதுவதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி, "நேரமாச்சு, படு சாமி" என்று சொல்லி, என் தலைக்கு மேல் இருந்ததையும் அணைத்துவிட்டுப் போனார். இந்த வரி நேராக இருக்கிறதா என்று தெரியவில்லை, இருட்டில் எழுதுகிறேன்: 9.08, எல்லா லைட்டும் அணைக்கப்பட்டது.